வாடகை சர்வருக்கு ஓஎஸ், பேனல் எப்படி முடிவு பண்றது: முதல்ல பேனல், அப்புறம்தான் ஓஎஸ்

சர்வர் ஆர்டர் பண்ற பக்கத்துல ரேம், டிஸ்க், சிபியு எல்லாத்தையும் பாத்து பாத்து செலக்ட் பண்ணுவோம், நூறு ரூபா வித்தியாசத்துக்கு அரை மணி நேரம் கணக்கு போடுவோம். அதுக்கு கீழ ரெண்டு பெட்டி இருக்கும், ஒண்ணு ஆபரேட்டிங் சிஸ்டம், இன்னொண்ணு கன்ட்ரோல் பேனல், அதாவது சைட், மெயில் எல்லாத்தையும் ப்ரௌசர்லேர்ந்தே பாத்துக்கற சாஃப்ட்வேர். அந்த ரெண்டுல மட்டும் தானா என்ன வந்திருக்கோ அதையே விட்டுட்டு பணத்த கட்டிடுவோம். ரேம் பத்தலன்னா நாளைக்கு ஏத்திக்கலாம், டிஸ்க்கும் பெரும்பாலான இடத்துல ஒரு ரீபூட்டோட ஏறிடும். ஆனா இந்த ரெண்டு பெட்டில பண்ணின முடிவ மாத்தணும்னா சர்வர அழிச்சிட்டு திரும்ப முதல்லேர்ந்து வரணும், இல்லன்னா புதுசா ஒண்ணு எடுத்து எல்லாத்தையும் மூட்ட கட்டி கொண்டு போகணும்.

எனக்கு இது புரிஞ்சது 2024 ஜூலைல. ஈரோட்டுல ஜவுளி மொத்த வியாபாரம் பண்ற ஒருத்தரோட சர்வர் எங்கிட்ட வந்துது, முன்னாடி பாத்துக்கிட்டவர் வேற வேலைக்கு போயிட்டாரு. உள்ள போய் முதல் வேலையா யம் அப்டேட்னு சாஃப்ட்வேர புதுப்பிக்கற கமாண்ட் போட்டா, மிரர்லிஸ்ட் டாட் சென்ட்ஓஎஸ் டாட் ஓஆர்ஜி-ங்கற ஹோஸ்ட கண்டுபிடிக்க முடியலன்னு எரர் வந்து நிக்குது. டிஎன்எஸ் (பேர ஐபியா மாத்தற வேலை) பிரச்சனைன்னு நெனச்சு ரெண்டு தடவ ரிசால்வர மாத்தி பாத்தேன். அப்புறம்தான் தேதி ஞாபகம் வந்துது, அதுல இருந்த சென்ட்ஓஎஸ் 7ங்கற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-ஓட ஆயுசு முடிஞ்சு போச்சு, பேக்கேஜ் எடுக்கற அந்த மிரர் முகவரியையே எடுத்துட்டாங்க. பழைய பேக்கேஜ் எல்லாம் வால்ட்ங்கற இடத்துல கெடக்கும், அங்கேர்ந்து எடுத்துக்கலாம், ஆனா புதுசா ஒரு செக்யூரிட்டி ஃபிக்ஸ் கூட வராது. அதுல 11 சைட், 70-க்கு மேல மெயில் ஐடி, கணக்குப்பிள்ளையோட இன்பாக்ஸ் மட்டும் 9 ஜிபி. புது சர்வர் எடுத்து, முகவரி மாத்தினா சீக்கிரம் பரவறதுக்கு டிஎன்எஸ் டிடிஎல்ல 300 செகண்டுக்கு கொறச்சு வெச்சு, மெயில் எல்லாத்தையும் ஐமேப்சிங்க்ங்கற மெயில் காப்பி பண்ற டூல் போட்டு ராத்திரி ராத்திரியா இழுத்து, மூணு வாரம் ஆச்சு. அவங்களுக்கு இதுல கெடச்ச புது வசதி ஒண்ணும் இல்ல, இருந்தது அப்படியே ஓடறதுக்கே இவ்ளோ வேலை.

அதனால இப்போ யார் கேட்டாலும் நான் சொல்ற வரிசை இதுதான்: யார் அந்த சர்வர பாத்துக்க போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அதுக்கு ஏத்த பேனல முடிவு பண்ணுங்க, அந்த பேனல் எந்த ஓஎஸ்ல ஏறுமோ அதுல ரொம்ப நாள் சப்போர்ட் இருக்கற வெர்ஷன கடைசியா எடுங்க. நெறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, எனக்கு உபுண்டு தெரியும்னு உபுண்டு போட்டுட்டு அப்புறம் பேனல் தேடறது, இல்லன்னா யாரோ டெபியன் நல்லாருக்கும்னு சொன்னாங்கன்னு டெபியன் போட்டுட்டு, வேலைக்கு வந்த பையன் சிபேனல்ங்கற பேனல் இல்லாம எனக்கு வேலை ஓடாதுன்னு சொன்னதுக்கப்புறம் முழிக்கறது. சிபேனல் டெபியன்ல ஏறவே ஏறாது.

பேனல்ங்கறது சும்மா ஓஎஸ் மேல ஒட்டற ஸ்டிக்கர் கெடயாது. வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ், மெயில், டிஎன்எஸ், எஃப்டிபி, ஃபயர்வால் எல்லாத்தையும் அது தன் இஷ்டத்துக்கு போட்டு, கான்ஃபிக் ஃபைல எல்லாம் தன் கைல எடுத்துக்கும். அதனாலதான் எல்லா பெரிய பேனலும் காலியான ஓஎஸ்லதான் போடணும்னு சொல்றாங்க, முன்னாடியே அப்பாச்சி போட்டு வெச்சிருந்தீங்கன்னா எங்கியாவது இடிக்கும். திரும்ப கழட்டறதும் அவ்ளோ சுலபம் இல்ல, சிபேனல எல்லாம் அன்இன்ஸ்டால் பண்ண வழியே கெடயாது, ஓஎஸ்ஸ ரீஇன்ஸ்டால் பண்றதுதான் ஒரே வழி.

பேனல் உங்களுக்கு தேவையா, அத முதல்ல பாருங்க

ஒரே ஒரு சைட், ஒரே ஒரு ஆள், அவருக்கு எஸ்எஸ்ஹெச்ல (சர்வருக்குள்ள கமாண்ட் அடிக்க நுழையற வழி) போய் நாலு கமாண்ட் அடிக்க தெரியும்னா பேனலே வேணாம். டெபியன மினிமலா போட்டா சும்மா நிக்கும்போது 100 எம்பி சுத்தித்தான் ரேம் எடுக்கும், அதுல என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மரியாடிபி போட்டு ஒரு வேர்ட்பிரஸ் சைட்ட 1 ஜிபி ரேம்ல தாராளமா ஓட்டலாம். அதே 1 ஜிபி சர்வர்ல பேனல், மெயில், ஸ்பாம் ஃபில்டர், ஆன்டிவைரஸ் எல்லாம் டிக் பண்ணி போட்டீங்கன்னா என்ன ஆகும்னா, கிளாம்ஏவிங்கற ஆன்டிவைரஸ் ஒண்ணே வைரஸ் லிஸ்ட ஏத்தி வெச்சுக்க 1 ஜிபிக்கு மேல கேக்கும். அப்புறம் ரேம் தீந்து போனதும் கெர்னல் எது பெருசா இருக்கோ அத கொல்லும், பல நேரம் அதுல அடிபடறது டேட்டாபேஸ்தான். வேர்ட்பிரஸ்ல டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர்னு ஒரு வெள்ள பக்கம் வருதே, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகி ரெண்டு நாள்ல திரும்ப வருதே, பாதி கேஸ்ல இதுதான் காரணம். லாக்க பாத்தா அவுட் ஆஃப் மெமரி, மரியாடிபி கில்டுன்னு தெளிவா எழுதியிருக்கும்.

பேனல் வேணும்னு எப்போ சொல்லுவேன்னா, சைட் நெறைய இருக்கு, இல்ல க்ளையன்ட்டுக்கு தனித்தனியா லாகின் குடுக்கணும், இல்ல மெயில் ஐடி போடறதும் பாஸ்வேர்ட் மாத்தறதும் ஆஃபீஸ்ல இருக்கற ஒரு அக்காவே பண்ணிக்கணும், அந்த மாதிரி நேரத்துல. அந்த அக்காவ மனசுல வெச்சுதான் பேனல பாக்கணும். உங்களுக்கு எது புடிக்குதுங்கறது ரெண்டாவது.

இன்னொரு கேள்வியும் இங்கியே கேட்டுக்கோங்க, மெயில் இதே சர்வர்லேர்ந்துதான் போகணுமா? போகணும்னா வேலை ரெட்டிப்பு. நெறைய கிளவுட் கம்பெனில மெயில் வெளிய போற போர்ட் 25 அடைச்சுதான் இருக்கும், டிக்கெட் போட்டு கேக்கணும், சில இடத்துல தொறக்கவே மாட்டாங்க. ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிய வெச்சு பேர கண்டுபிடிக்கறது) செட் பண்ண விடறாங்களான்னு பாக்கணும். 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயில் கெடுபிடி பண்ண ஆரம்பிச்சிட்டாங்க, யார் அனுப்பினாலும் மெயில் நெசமாவே அந்த டொமைன்லேர்ந்து வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகிம்ங்கற ரெண்டுல ஏதாவது ஒண்ணு சரியா இருக்கணும், ஐபிக்கு ரிவர்ஸ் பேர் இருக்கணும், ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்கு ரெண்டும் வேணும், அதுல தவறின மெயில என்ன பண்ணணும்னு சொல்ற டிமார்க்கும் வேணும். இதெல்லாம் முடியாதுன்னா மெயில வேற ஒரு சர்வீஸ்ல வெச்சுட்டு சர்வர்ல சைட்ட மட்டும் ஓட்டுங்க, பேனல் தேர்வே சுலபமாயிடும். நான் இப்போல்லாம் புது க்ளையன்ட்டுக்கு இத தான் பண்றேன்.

காசு குடுத்து வாங்கற பேனல்

சிபேனல் எல்லாருக்கும் தெரிஞ்சது, 1996-லேர்ந்து இருக்கு, ஷேர்டு ஹோஸ்டிங்ல பழகினவங்க கண்ண மூடிட்டு வேலை பண்ணுவாங்க, எந்த பிரச்சனைக்கும் பதில் தேடினா கெடைக்கும். சிக்கல் விலை. 2019 வரைக்கும் ஒரு சர்வருக்கு ஒரு லைசென்ஸ், எத்தன அக்கவுன்ட் வேணா போட்டுக்கலாம்னு இருந்துது, அந்த வருஷம் அக்கவுன்ட் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி விலைன்னு மாத்திட்டாங்க, 1 அக்கவுன்ட், 5, 30, 100னு படி படியா இருக்கும், 100-க்கு மேல போனா ஒவ்வொண்ணுக்கும் தனி. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் ஏறிட்டுதான் இருக்கு. சின்ன விபிஎஸ்ல (ஒரு பெரிய மெஷின பிரிச்சு குடுக்கற வாடகை சர்வர்) சர்வர் வாடகையவிட பேனல் வாடகை அதிகமா வர்றது சாதாரணம். விலைய பாக்கும்போது டாலர் விலைய மட்டும் பாக்காதீங்க, நம்ம ஊர் கம்பெனி மூலமா எடுத்தா மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், வெளிநாட்டு கம்பெனிக்கு நேரா கட்டினா கார்டு மார்க்கப் வரும். இன்னொண்ணு, 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ஆட்டோ டெபிட் ரூல் மாறினதுக்கப்புறம் நம்ம கார்டுல நெறைய வெளிநாட்டு ரெனியூவல் தானா போறதில்ல. லைசென்ஸ் நின்னு போனா பேனலுக்குள்ள நுழைய முடியாது, அது சரியா ஞாயித்துக்கிழம ராத்திரிதான் நடக்கும், அதனால ரெனியூவல் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன்ல அலாரம் வெச்சு கையால கட்டிடுங்க. 15 நாள் ட்ரையல் லைசென்ஸ் குடுக்கறாங்க, முடிவு பண்றதுக்கு முன்னாடி அத போட்டு பாருங்க. ரேம் குறைஞ்சது 2 ஜிபி, நிம்மதியா ஓடணும்னா 4.

பிளெஸ்க்கும் இப்போ சிபேனல் இருக்கற அதே குரூப்லதான் இருக்கு, விலையும் அந்த பக்கம்தான். ஆனா ரெண்டு விஷயத்துல அது தனி. ஒண்ணு, விண்டோஸ்லயும் ஏறும், லினக்ஸ்லயும் ஏறும், டெபியன்லயும் ஏறும். ரெண்டாவது, அக்கவுன்ட் கணக்கு இல்லாம டொமைன் கணக்குல லைசென்ஸ், 10 டொமைன், 30 டொமைன், அளவில்லாததுன்னு போகும். ஒரே ஆளே பத்து வேர்ட்பிரஸ் சைட் பாத்துக்கறாருன்னா இதோட வேர்ட்பிரஸ் டூல்கிட் ரொம்ப உபயோகம், எல்லா சைட்லயும் பிளகின் அப்டேட்ட ஒரே எடத்துலேர்ந்து தட்டி விடலாம்.

என்னோட கை போறது டைரக்ட்அட்மின் பக்கம். ஆல்மா, ராக்கி, டெபியன், உபுண்டுன்னு இந்த நாலு லினக்ஸ் வகைலயும் ஏறுது, ரேம் கம்மியா எடுக்குது, சிபேனல விட விலை ரொம்ப கம்மி, சிபேனல்லேர்ந்து எடுத்த பேக்கப் ஃபைல நேரா உள்ள வாங்கி ரீஸ்டோர் பண்ணிக்குது. சிபேனல் பழகினவங்களுக்கு மெனு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும், அவ்ளோதான். ஈரோட்டு சர்வர இதுலதான் கொண்டு வந்து போட்டேன், அங்க மெயில் ஐடி போடற அம்மா ரெண்டாவது நாளே எங்கிட்ட கேக்கறத நிறுத்திட்டாங்க.

ஒண்ண மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். மாசம் இருநூறு ரூபாய்க்கு சிபேனல் லைசென்ஸ்னு விக்கறாங்களே, அத தொடாதீங்க. அது ஒரு ஸ்கிரிப்ட ரூட்டா (முழு அதிகாரத்தோட) ஓட்ட சொல்லும், அந்த ஸ்கிரிப்ட் லைசென்ஸ் செக் பண்ற இடத்த ஏமாத்தும், அப்படியே உங்க சர்வரோட முழு சாவியும் முகம் தெரியாத ஒருத்தர் கைல போயிடும். க்ளையன்ட்டோட மெயில், கஸ்டமர் டேட்டா எல்லாம் அங்க இருக்கு. காசு இல்லன்னா ஓசி பேனலே நல்லது நாலு இருக்கு, கீழ சொல்றேன்.

ஓசி பேனல்

ஹெஸ்டியா. வெஸ்டாங்கற பழைய பேனல்லேர்ந்து பிரிஞ்சு வந்தது, டெபியன், உபுண்டு ரெண்டுல மட்டும்தான் ஏறும். சைட், மெயில், டிஎன்எஸ், டேட்டாபேஸ், லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட், பேக்கப் எல்லாம் இருக்கு. போடும்போதே எது வேணும் எது வேணாம்னு சொல்லலாம், மெயில் வேணாம்னா எக்ஸிம், டவ்காட், கிளாம்ஏவி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு போட்டா 2 ஜிபி சர்வர்ல லேசா ஓடும். ஓசில க்ளையன்ட்டுக்கு லாகின் குடுக்கற மாதிரி வேணும்னா நான் முதல்ல சொல்றது இதுதான்.

மெயிலே வேணாம், சைட் மட்டும் வேகமா ஓடணும்னா கிளவுட்பேனல் இருக்கு, அதுலயும் டெபியன், உபுண்டுதான், என்ஜின்எக்ஸ் மட்டும்தான், மெயில் சர்வர் அதுல கெடயாது. அப்பாச்சியோட எச்டிஅக்சஸ் ஃபைல நம்பி இருக்கற பழைய சைட்ட அதுல போட்டா ரீரைட் ரூல எல்லாம் என்ஜின்எக்ஸ் பாஷைல திரும்ப எழுதணும், அத மறந்துடாதீங்க. வர்ச்சுவல்மின் ரொம்ப பழசு, ரொம்ப ஆழம், ஆல்மா பக்கமே இருக்கணும் ஆனா காசு குடுக்க முடியாதுங்கறவங்களுக்கு நல்ல தேர்வு, பார்க்க கொஞ்சம் பயமுறுத்தும்.

சைபர்பேனல் பத்தி தனியா சொல்லணும். ஓப்பன்லைட்ஸ்பீட்ல ஓடறதால வேகம்னு நெறைய பேர் போட்டாங்க. 2024 அக்டோபர்ல அதுல ஒரு ஓட்டை வெளிய வந்துது, லாகினே பண்ணாம வெளியேர்ந்து ரூட்டா கமாண்ட் ஓட்டலாம்ங்கற அளவுக்கு மோசமான ஓட்டை. இணையத்துல தொறந்து கெடந்த 22,000 சர்வர் சுத்தி அதுல மாட்டுச்சு, பீசாக்ஸ்னு ஒரு ரான்சம்வேர் உள்ள புகுந்து ஃபைல எல்லாம் பூட்டிடுச்சு. அப்புறம் சரி பண்ணிட்டாங்க, அது வேற விஷயம். 2019-ல வர்ச்சுவல்மினுக்கு அடிப்படையான வெப்மின்லயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துது, டவுன்லோடு ஃபைல்லயே யாரோ பின்வாசல் வெச்சிருந்தாங்க. இதுல நாம எடுத்துக்க வேண்டியது என்னன்னா, எந்த பேனலா இருந்தாலும் அதோட போர்ட்ட ஊருக்கே தொறந்து வெக்கக்கூடாது. சிபேனலோட ரூட் பக்கம் 2087, டைரக்ட்அட்மின் 2222, பிளெஸ்க்கும் கிளவுட்பேனலும் 8443, ஹெஸ்டியா 8083, சைபர்பேனல் 8090, வெப்மின் 10000, இந்த நம்பர் எல்லாம் ஸ்கேன் பண்றவனுக்கு மனப்பாடம். ஃபயர்வால்ல உங்க ஆஃபீஸ் ஐபிக்கு மட்டும் விடுங்க, ஐபி மாறிட்டே இருக்கற பிராட்பேண்ட்னா சர்வர்ல ஒரு வயர்கார்டு விபிஎன் போட்டு அது வழியா மட்டும் பேனலுக்கு போங்க. அந்த 22,000 பேர்ல இத பண்ணி வெச்சவங்க யாரும் இருந்திருக்க முடியாது.

இப்போ ஓஎஸ்

பேனல் முடிவாயிடுச்சுன்னா இங்க பெரிய குழப்பமே இருக்காது, ஏன்னா பாதி ஓஎஸ் தானா வெளிய போயிடும். மிச்சம் இருக்கறதுல தேதிய பாருங்க.

சிபேனல்னா ஆல்மாலினக்ஸ். சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரைக்கும் சப்போர்ட்னு சொல்லிட்டு 2021 டிசம்பரோட நிறுத்திட்டாங்க இல்லயா, அந்த இடத்த நிரப்ப வந்ததுதான் ஆல்மாவும் ராக்கியும், ரெண்டுமே 2021-ல வந்தது. ராக்கிய ஆரம்பிச்சவர் கிரெகரி குர்ட்சர், சென்ட்ஓஎஸ்ஸ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். ரெண்டுமே நல்லதுதான், ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப யோசிக்க தேவையில்ல, ஹோஸ்டிங் பேனல் உலகத்துல ஆல்மாவ அதிகமா டெஸ்ட் பண்றாங்கங்கறதால நான் அத எடுக்கறேன். ஆல்மா 8-க்கு 2029 வரைக்கும், 9-க்கு 2032 வரைக்கும், 10-க்கு 2035 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். இன்னிக்கு புதுசா 8 போடறதுல அர்த்தம் இல்ல, 10-ஐ உங்க பேனல் சப்போர்ட் பண்ணுதான்னு அவங்க டாக்குமென்ட்ல பாத்துட்டு, சந்தேகம்னா 9 போடுங்க.

ஆல்மா 9, ராக்கி 9 போடும்போது ஒரு சின்ன கண்ணி இருக்கு. ரெட் ஹேட் வழி வந்த இந்த 9 வரிசை ஓஎஸ் எல்லாம் எக்ஸ்86-64 வி2ங்கற சிபியு வசதி இல்லாம ஓடாது. சிபியு பழசா இருந்தாதான்னு இல்ல, புது சிபியுவா இருந்தாலும் ஹோஸ்டிங் கம்பெனி விஎம்முக்கு கேவிஎம்64னு ஒரு பழைய மாடல காட்டி வெச்சிருந்தா, ஃபேட்டல் ஜிலிப்சி எரர்னு ஒரு வரி வந்து கெர்னல் பேனிக்ல நிக்கும். மலிவா கெடச்ச ஒரு விபிஎஸ்ல எனக்கு அப்படியே ஆச்சு, இன்ஸ்டால் பண்ணவே முடியல, விஎன்சி கன்சோல தொறந்து பாத்தப்பதான் அந்த வரி தெரிஞ்சுது. சப்போர்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, சிபியு டைப்ப ஹோஸ்ட்னு மாத்த சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல சரியாச்சு. வரிசை 10-க்கு ரெட் ஹேட் வி3 கேக்குது, ஆல்மா மட்டும் பழைய சிபியுவுக்காக வி2 பதிப்பும் தனியா விடறாங்க.

ஹெஸ்டியா, கிளவுட்பேனல்னா டெபியன் இல்ல உபுண்டு. டெபியன்ல முழு சப்போர்ட் மூணு வருஷம், அதுக்கு மேல ரெண்டு வருஷம் எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட்) குழு பாத்துக்கும், 12-க்கு 2028 வரைக்கும் கணக்கு வருது, 2025 ஆகஸ்ட்ல வந்த 13-க்கு 2030. உபுண்டுல எல்டிஎஸ் மட்டும்தான் எடுக்கணும், எல்டிஎஸ்னா நம்பர்ல முன்னாடி ரெட்டப்பட வருஷம், பின்னாடி 04. 22.04-க்கு 2027, 24.04-க்கு 2029. லிஸ்ட்ல 24.10, 25.04னு எல்லாம் இருக்கும், நம்பர் பெருசா இருக்கேன்னு அத எடுத்துடாதீங்க, அதுக்கெல்லாம் ஒம்பது மாசம்தான் ஆயுசு. 20.04 இன்னும் சில ஆர்டர் பக்கத்துல கெடக்குது, அதோட சாதாரண சப்போர்ட் 2025 மே மாசமே முடிஞ்சு போச்சு. லிஸ்ட்ல இருக்குங்கறதுக்காக அதுக்கு உயிர் இருக்குன்னு நம்பாதீங்க, நம்ம ஈரோட்டு கதையும் இப்படி தான் ஆரம்பிச்சிருக்கும். தனிப்பட்ட உபயோகத்துக்கு உபுண்டு ப்ரோ 5 மெஷின் வரைக்கும் ஓசி, அத போட்டா மொத்தம் 10 வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும், ரெனியூ பண்ணிட்டே இருக்கற பழைய சர்வருக்கு அது ஒரு மூச்சு விடற நேரம் குடுக்கும்.

இதுல பழைய சைட் வெச்சிருக்கறவங்க கவனிக்க வேண்டியது பிஎச்பி. டெபியன் 12, உபுண்டு 22.04, ஆல்மா 9 எல்லாத்துலயும் ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற என்கிரிப்ஷன் லைப்ரரி 3தான் இருக்கு, பிஎச்பி பக்கம் அதுக்கு ஒழுங்கான சப்போர்ட் 8.1லதான் வந்துது. பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதி குடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் பிஎச்பி 5.6ல ஓடுதுன்னா, நீங்க போட போற பேனல் அந்த ஓஎஸ்ல அந்த பிஎச்பிய குடுக்குதான்னு முதல்ல கேளுங்க. புது சர்வர்ல எல்லாம் ஏத்தினதுக்கப்புறம் கேட்டா கஷ்டம்.

விண்டோஸ் சர்வர் யாருக்குன்னா, பழைய ஏஎஸ்பி டாட் நெட் வெப்ஃபார்ம்ஸ் சைட் இருக்கறவங்களுக்கு, இல்ல டேலி மாதிரி விண்டோஸ் சாஃப்ட்வேர ரிமோட் டெஸ்க்டாப்ல நாலு ஊர்லேர்ந்து தொறக்கணுங்கறவங்களுக்கு. புது டாட் நெட்ல எழுதினதுன்னா லினக்ஸ்லயே ஓடும், விண்டோஸ் லைசென்ஸ் காசு மிச்சம். டேலிக்குன்னு எடுக்கறவங்களுக்கு பேனலே தேவையில்ல, ஆனா ரிமோட் டெஸ்க்டாப்ல அட்மின் வேலைக்குன்னு ரெண்டு பேர்தான் ஒரே நேரத்துல இருக்க முடியும், அதுக்கு மேல ஆள் வேணும்னா ஆளுக்கு ஒரு ஆர்டிஎஸ் கேல் லைசென்ஸ் வாங்கணும், இத பட்ஜெட்ல சேக்காம சர்வர எடுத்துடாதீங்க. 3389 போர்ட்ட தொறந்து விட்டீங்கன்னா எடுத்த அன்னிக்கே பாஸ்வேர்ட் அடிச்சு பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, விபிஎன் வழியா மட்டும் விடுங்க.

போடற அன்னிக்கு

முதல் மாசம் மாச வாடகைல எடுங்க, வருஷ ஆஃபர பாத்து மயங்க வேணாம். தனி கெர்னலோட ஓடற கேவிஎம்மான்னு கேட்டுக்கோங்க, ஓப்பன்விஇசட்னா கெர்னல் அவங்களோடது, பேனலோட பாதி வசதி அதுல ஓடாது. ஓஎஸ்ஸ மட்டும் மினிமலா போட சொல்லுங்க, ஆர்டர் பக்கத்துல பேனலோட சேத்து ரெடிமேட் இமேஜ் இருந்தாலும் நான் எடுக்கறதில்ல, யாரு எப்போ செஞ்சாங்கன்னு தெரியாது, நீங்களே போட்டா மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம்தான்.

உள்ள போனதும் எல்லா அப்டேட்டும் போட்டு ஒரு ரீபூட். அப்புறம் ஹோஸ்ட்நேம், இதுல நெறைய பேர் சறுக்கறாங்க. சர்வர் பேர் வெறும் டொமைனா இருக்கக்கூடாது, சர்வர்1 டாட் உங்க டொமைன்னு முழுசா இருக்கணும், அந்த பேர டிஎன்எஸ்ல சர்வர் ஐபிக்கு காட்டி விடணும், ஹோஸ்டிங் கம்பெனி பக்கத்துல ரிவர்ஸ் டிஎன்எஸ்லயும் அதே பேர் போடணும். வெறும் டொமைனையே ஹோஸ்ட்நேமா வெச்சுட்டா, அந்த டொமைனோட மெயில் வேற சர்வீஸ்ல இருந்தாலும் உங்க சர்வர் அத தன்னோட மெயில்னு நெனச்சு உள்ளயே வெச்சுக்கும், காண்டாக்ட் ஃபார்ம் மெயில் எங்க போச்சுன்னு ஒரு வாரம் தேடுவீங்க.

ரேம் 4 ஜிபிக்கு கம்மின்னா 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் (ரேம் பத்தலன்னா டிஸ்க்க பயன்படுத்திக்கறது) போட்டு வைங்க.

இன்ஸ்டால் ஸ்கிரிப்ட நேரா எஸ்எஸ்ஹெச் விண்டோல ஓட்டாதீங்க, முதல்ல ஸ்கிரீன் இல்ல டிமக்ஸ்ங்கற டூல தொறந்து அதுக்குள்ள ஓட்டுங்க. சிபேனல் இன்ஸ்டால் முடிய அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும், நடுவுல நம்ம வைஃபை ஒரு தடவ கட் ஆனா எஸ்எஸ்ஹெச் போயிடும், ஸ்கிரிப்ட்டும் செத்துடும், பாதி போட்ட பேனல வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது, ஓஎஸ்ஸ திரும்ப போட்டு ஆரம்பிக்கணும். டிமக்ஸ்ல இருந்தா கரண்டே போனாலும் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கலாம்.

முடிஞ்சதும் சைட் எதையும் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க. எஸ்எஸ்ஹெச்ல பாஸ்வேர்ட் லாகின ஆஃப் பண்ணி கீ மட்டும் வைங்க, பேனல் லாகினுக்கு ரெண்டாவது ஸ்டெப் ஓடிபி போடுங்க, மேல சொன்ன போர்ட்ட அடைங்க. பேக்கப்ப வேற கம்பெனில இருக்கற வேற ஸ்டோரேஜுக்கு போற மாதிரி வைங்க, அதே சர்வர்ல இருக்கற பேக்கப் ஃபோல்டர பேக்கப்னு கணக்குல எடுத்துக்க முடியாது.

அப்புறம் ஒரு டெஸ்ட் டொமைன்ல ஒரு வேர்ட்பிரஸ் போட்டு, ஒரு மெயில் ஐடி போட்டு, அந்த அக்கவுன்ட்ட பேக்கப் எடுத்து, அக்கவுன்ட்டையே டெலிட் பண்ணிட்டு, வெளிய வெச்ச பேக்கப்லேர்ந்து திரும்ப கொண்டு வாங்க. சைட் தொறக்குதா, மெயில் உள்ள பழைய மெயில் இருக்கா, சர்டிஃபிகேட் தானா வந்துதான்னு பாருங்க. அந்த ஆஃபீஸ் அக்காவ பக்கத்துல உக்கார வெச்சு, நீங்க வாய தொறக்காம, அவங்களையே ஒரு மெயில் பாஸ்வேர்ட் மாத்த சொல்லுங்க. எங்க தடுமாறறாங்கன்னு குறிச்சுக்கோங்க. இது ரெண்டும் சரியா வந்தா க்ளையன்ட் சைட்ட ஏத்த ஆரம்பிக்கலாம். வரலன்னா பேனல மாத்தறதுக்கு இதுதான் நேரம், சர்வர்ல இன்னும் ஒண்ணும் இல்ல, ரீஇன்ஸ்டால் பட்டன தட்டினா பத்து நிமிஷம்.